சம்மட்டியும் சங்கீதமும்

78 வயதில் ஒரு மனிதன் புதிதாக ஒரு கலையை அறிந்துகொள்ளப் புறப்படுகிறான் என்றால், ஒன்று அவனுக்கு ஓய்வு மிகுந்திருக்க வேண்டும். அல்லது தீர்க்க வேண்டிய கடன் ஏதேனும் மீதியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன. ஓய்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடனைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

1967-ஆம் ஆண்டில், 21 வயது இளைஞனாக, எங்கள் கடற்கரையூரை விட்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு வந்து சேர்ந்தேன். அலையோசை கேட்டு வளர்ந்தவனுக்கு வாய்த்தது இரும்போசை. நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த ஓர் இரும்பாலையில் வேலை கிடைத்தது. உலையில் வெந்து செக்கச் சிவந்த இரும்புத் துண்டை இடுக்கியால் பற்றி அச்சின்மேல் வைப்போம். மேலிருந்து பெருஞ்சம்மட்டி இறங்கும். ஒவ்வோர் அடிக்கும் தரை நடுங்கும், பற்கள் கிட்டிக்கும். நான்கைந்து அடிகளில் மோட்டார் வண்டியின் உறுப்பு ஒன்று உருப்பெற்றுவிடும். 24 ஆண்டுகள் அந்தச் சம்மட்டியின் காலடியில் உழைத்தேன். 1991-இல் வேலையை விட்டபோது எனக்குக் கிடைத்தவை ஒரு கைக்கடிகாரமும் பாதிச் செவிட்டுத்தன்மையும்.

இப்போது நானும் என் மனைவியும் மகன் வீட்டில் இருக்கிறோம். மகன் 1971-இல் இந்நகரிலேயே பிறந்தவன். அவனுடைய மகன், என் பேரன், பல்கலைக்கழக மாணவன். ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவனுடைய தோழர்கள் நால்வர் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். பக்கத்து ஊரான டட்லியிலிருந்து வரும் ஆங்கிலேயப் பெண் ஒருத்தி; ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் பேரன் ஒருவன்; பஞ்சாபிச் சீக்கியன் ஒருவன்; போலந்து நாட்டுப் பெற்றோரின் மகன் ஒருவன். ‘ஹெவி மெட்டல்’ என்னும் இசையில் அவ்வாண்டு வெளிவந்த தட்டுகளில் சிறந்தவை பத்து எவை என்று தீர்மானிப்பதே அவர்கள் கூடும் நோக்கம்.

முந்தைய ஆண்டுகளில், அவர்கள் வரும் அரவம் கேட்டதுமே காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். 2024-இல் முழங்கால் வலி என்னைப் படியேற விடவில்லை. மூலையில் கிடந்த சாய்வு நாற்காலியிலேயே இருந்துவிட்டேன். கருவியையும் கழற்றவில்லை. என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது.

கூச்சலை எதிர்பார்த்திருந்தேன். கேட்டதோ வித்துவான்களின் சபையில் நடக்கும் வாதத்தைப் போல் இருந்தது. என்னை முதலில் வியப்பில் ஆழ்த்தியது அவர்களுடைய இசையன்று; அவர்களிடம் இருந்த இலக்கணம். வெளியில் நிற்கிறவனுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே நுழைந்தால் எத்தனை பிரிவுகள்! ‘த்ராஷ்’ என்பது வேகமும் கூர்மையும் உடையது. 1980-களில் கலிபோர்னியாவில் ஓங்கி வளர்ந்தது. ‘டெத் மெட்டல்’ அடித்தொண்டையின் உறுமலால் பாடப்படுவது. ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில் தழைத்தது. ‘டூம்’ மிக மெதுவானது. பாரவண்டி மேடேறுவது போல் நகரும். ‘பவர்’ உச்சக் குரலில் வீரக்கதை சொல்லும். ‘ப்ரோக்ரெஸிவ்’ தாளத்தை மாற்றி மாற்றி நீண்ட கோவையாக வளரும். ‘பிளாக் மெட்டல்’ அடைமழை போல் ஓயாமல் கொட்டும் நரம்போசைக்கு மேலே அலறலை வைப்பது. 1990-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் அதைப் பாடித் திரிந்தோருள் சிலர் பழமையான மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்துச் சிறை புகுந்த வரலாறும் உண்டு. நான் கேட்பதற்கு முன்பே பேரன் அதைச் சொல்லிவிட்டான். “அதை மறைத்துவிட்டு இந்த இசையைப் புகழ்ந்தால் அது நேர்மையாகாது, அப்பா” என்றான். எங்கள் வழக்கப்படி அவன் என்னை ‘அப்பா’ என்றும் தன் தந்தையை ‘வாப்பா’ என்றும் அழைப்பவன்.

“இத்தனை பிரிவுகள் எதற்கடா? பாட்டென்றால் பாட்டுத்தானே?” என்று கேட்டேன். கேட்ட மறுகணமே என் கேள்வி எனக்கே வெட்கமாயிற்று. நம் முன்னோர் என்ன செய்தார்கள்? கிஸ்ஸா கதை சொல்லும். மசலா வினாவும் விடையுமாய் அறிவு புகட்டும். நாமா ஒரு பொருளை எடுத்து விரித்துரைக்கும். படைப்போர் களத்தைப் பாடும். முனாஜாத்து இறைவன்முன் கையேந்தி உருகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடை, தனித்தனி எதிர்பார்ப்பு. படைப்போர் ஒன்றைப் படித்துவிட்டு ‘இதில் முனாஜாத்தின் கனிவு இல்லையே’ என்று குறைபட்டுக்கொள்பவனைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோமா? பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். உறுமல் பாட்டில் இனிய குரலைத் தேடுவது பிழை. மெதுவான பாட்டில் வேகத்தைத் தேடுவதும் பிழை.

ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தனித்தனியே வைத்துப் பார்ப்பது எளிது. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இது முதலாவது, இது இரண்டாவது என்று எண் கொடுக்க வேண்டுமே! கிஸ்ஸாவையும் முனாஜாத்தையும் எந்தத் தராசில் நிறுப்பது?

டட்லிப் பெண் முதலில் பேசினாள். அவள் முன்வைத்தது ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவினர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ‘இன்வின்ஸிபிள் ஷீல்ட்’. எங்கள் நகரை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச்சில் 1969-இல் தோன்றிய குழு அது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அத்தட்டு வெளிவந்தபோது வயது 72. கிட்டார் வாசிப்பவர்களுள் மூத்தவரான க்ளென் டிப்டன் பார்க்கின்சன் நோயால் ஊர் ஊராகச் சென்று வாசிப்பதை 2018-லேயே நிறுத்திக்கொண்டவர். ஆயினும் இசைத்தட்டுக்கான உழைப்பை விடவில்லை. “அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இவ்வளவு கூர்மையாக ஒரு குழு வாசிக்குமானால், அதற்குமேல் என்ன வேண்டும்?” என்றாள். “இது ஊர்ப்பாசம்” என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். அவள் அதை மறுக்கவில்லை.

ஜமைக்கர் பேரனும் பஞ்சாபிப் பிள்ளையும் ஒரே கட்சி. அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழுவான பிளட் இன்கான்டேஷன், அக்டோபரில் வெளியிட்ட ‘அப்ஸலூட் எல்ஸ்வேர்’ அவர்களுடைய முதல் தேர்வு. அந்தத் தட்டில் இருப்பவை இரண்டே இரண்டு நெடும் படைப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். கொடூரமான உறுமலில் தொடங்குவது, சொல்லாமல் கொள்ளாமல் விண்வெளியில் மிதக்கும் மெல்லிசையாக மாறிவிடும். “இதுவரை யாரும் போகாத இடத்துக்குப் போனவர்களுக்குத்தான் முதலிடம்” என்பது அவர்கள் வாதம்.

போலந்துப் பிள்ளை நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த அல்செரேட் என்னும் மூவர் குழுவைச் சொன்னான். அது சிக்கலான டெத் மெட்டல். “முதல் முறை கேட்கும்போது ஒன்றும் புரியாது, பத்தாம் முறை கேட்கும்போதுதான் கதவு திறக்கும்” என்றான். எளிதில் இனிப்பது எதுவும் ஆண்டு கடந்து நிற்காது என்பது அவன் கொள்கை.

என் பேரன் ஹை ஆன் ஃபயர் என்னும் அமெரிக்க மூவர் குழுவின் ‘கம்த் த ஸ்டார்ம்’ என்ற தட்டைத் தூக்கிப் பிடித்தான். அக்குழுவில் அடிநாதக் கிட்டார் வாசிப்பவர் துருக்கி நாட்டுப்புற இசையைப் பயின்று, அந்நாட்டின் பக்லமா என்னும் நரம்புக் கருவியையும் கற்றவராம். துருக்கி மொழியிலேயே பெயரிட்ட, பாட்டில்லாத இசைப்பகுதி ஒன்றும் அத்தட்டில் இருக்கிறது. அதை எனக்காகவே ஒருமுறை ஒலிக்க விட்டான். இரைச்சலுக்கு நடுவே கீழை நாட்டு நரம்பின் விம்மல் ஒன்று எழுந்தது. நான் தலையை அசைத்திருக்கிறேன் போலும். பேரன் தோழர்களைப் பார்த்து வெற்றிப் புன்னகை புரிந்தான்.

அந்நேரத்தில் கறிச் சமோசாவும் தேநீரும் கொண்டுவந்த என் மனைவி, “அந்த மூன்று பெண்பிள்ளைகள் இந்த ஆண்டு இல்லையா?” என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, இவள் எனக்கு முன்பே இந்த மன்றத்தின் உறுப்பினராகிவிட்டாள் என்று. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் கருத் என்னும் பகுதியைச் சேர்ந்த மூன்று முஸ்லிம் பெண்கள், மத்ரஸாப் பள்ளியில் படிக்கும்போது ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் 2014-இல் ‘வாய்ஸ் ஆஃப் பாசெப்ராட்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். முக்காட்டுடனேயே மேடையேறுபவர்கள். 2022-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும், 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் வாசித்தார்கள். 2023-இல் வெளிவந்த அவர்களுடைய தட்டு அவ்வாண்டுப் பேரனின் பட்டியலில் இருந்ததாம். “முக்காடு நழுவாமல் அந்தப் பிள்ளை எப்படித்தான் அவ்வளவு வேகமாக முரசடிக்கிறதோ!” என்று என் மனைவி வியந்தாள். அவர்கள் இசையை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. என் மனைவியின் அக்கறையெல்லாம் முக்காட்டோடு முடிந்துவிட்டது.

பேச்சு மீண்டும் வாதத்துக்குத் திரும்பியது. ஒருவரும் தம் முதல் தேர்வை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆகவே வழக்கம்போல் புள்ளி முறைக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் பட்டியலிலும் முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஒன்பது, இப்படியே பத்தாமிடத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தபோது வந்த முடிவு எவரும் எதிர்பாராதது. ஐவரில் ஒருவர்கூட முதலிடம் கொடுக்காத ஒரு தட்டு முதலாவதாக வந்தது! ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழுவின் தட்டு அது. நான்கு பேர் அதை இரண்டாவதாகவும் ஒருவர் மூன்றாவதாகவும் எழுதியிருந்தார்கள். ஆக 44 புள்ளிகள். இருவர் முதலிடம் கொடுத்த பிளட் இன்கான்டேஷனுக்கு 29 தான்.

காரணத்தை அவர்களே ஆராய்ந்தார்கள். ஓபெத் ஒரு பிரிவுக்குள் அடங்காத குழு. நீண்ட கோவையும் உண்டு, மெல்லிசையும் உண்டு, 2008-க்குப் பிறகு கைவிட்டிருந்த உறுமலையும் இந்தத் தட்டில் மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். எனவே எல்லாப் பிரிவினருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அத்தட்டின் பொருள் என்னவென்று கேட்டேன். முதலாம் உலகப் போருக்குப் பின் ஒரு செல்வர் இறந்துபோகிறார். அவருடைய மரண சாசனத்தைப் பிள்ளைகள் முன் வாசிக்கிறார்கள். மறைத்து வைத்த குடும்ப இரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. பாடல்களுக்குப் பெயர்கூட இல்லை; பத்திரத்தின் பிரிவுகளைப் போல் எண்கள்தாம்; கடைசிப் பாட்டுக்கு மட்டுமே பெயர். நான் சிரித்துவிட்டேன். “நம் சட்டத்தில் மரண சாசனம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மற்றவை வாரிசுகளுக்கு விதித்த பங்கு. அவர்களும் அப்படிப் பங்கிட்டிருந்தால் இந்தத் தட்டே வெளிவந்திருக்காது” என்றேன். பேரன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அறை முழுவதும் சிரித்தது.

ஆயினும் பேரனுக்கு மனம் ஆறவில்லை. “யாருடைய முதல் அன்பும் இல்லாத ஒன்றுக்கு முதலிடமா?” என்று கேட்டான். ஊரில் ஜமாஅத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கதைகள் எனக்கு நினைவு வந்தன. இரண்டு கட்சிகள் மல்லுக்கட்டி நிற்கும். முடிவில் எவருக்கும் பகையில்லாத ஒருவர் நாற்காலியில் அமர்வார். அவரால் ஊர் அமைதியாக நடக்கும். ஆனால் வீட்டுத் திண்ணைகளில் பேசப்படுவது என்னவோ மற்ற இருவரின் பெயர்கள்தாம். “முதலிடம் கூட்டத்துக்கு, முதல் அன்பு உனக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று யார் சொன்னது?” என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்தான்.

அப்போது டட்லிப் பெண், “தாத்தா ஒரு பட்டியலும் கொடுக்கவில்லையே, அவரும் ஒன்றைக் கேட்டுச் சொல்லட்டும்” என்றாள். மறுத்தேன், விடவில்லை. காதுக் கருவியில் இந்த ஓசை உடைந்த தகரமாகத்தான் கேட்கிறது என்று சொல்லி, அதைக் கழற்றி வைத்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியை என் நாற்காலி அருகே இழுத்துப் போட்டு, அதன்மேல் என் கையை வைத்தான் பேரன். ஜூடாஸ் ப்ரீஸ்டின் தட்டு சுழன்றது.

கேட்டது கொஞ்சம். கையில் உணர்ந்தது அதிகம். மரப்பெட்டி என் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. அடி, அடி, நிறுத்தம். மறுபடி அடி. என் தோள் என்னை அறியாமல் இறுகியது. அடுத்த அடிக்குக் கால்கள் தயாராயின. 33 ஆண்டுகளாக நான் மறந்திருந்த ஒன்றை உடம்பு மறக்கவில்லை. “இது சம்மட்டியல்லவா!” என்றேன். காது கேளாதவன் பேசும்போது குரல் உயர்ந்துவிடும். நான் கத்தியே விட்டேன்.

கருவியை மாட்டிக்கொண்டபின் அவர்கள் சொன்னதைக் கேட்டு மெய்சிலிர்த்தது. ஹால்ஃபோர்டு சிறுவனாக இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு அருகிலிருந்த இரும்புப் பட்டறைகளின் சம்மட்டிகளால் வகுப்பறை மேசைகள் அதிருமாம். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1980-இல் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்ற தட்டைப் பதிவு செய்தபோது, இரும்பு மனிதர்களின் காலடியோசை வேண்டுமென்று கரண்டியும் கத்தியும் நிரம்பிய தட்டுகளை ஆட்டி ஒலியெழுப்பினார்களாம்.

இந்த இசைக்கே மூலவரான பிளாக் சாபத் குழுவின் கதை அதைவிட நெருக்கமானது. நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். கிட்டார் வாசிக்கும் டோனி அயோமி 1948-இல் பிறந்தவர்; என்னைவிட இரண்டே வயது இளையவர். 17 வயதில் தகட்டு ஆலையில் வேலை பார்க்கும்போது வலக்கை நடுவிரலும் மோதிர விரலும் நுனியிழந்தன. இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு நரம்பை அழுத்தும் கை அதுதான். ‘இனி வாசிக்க முடியாது’ என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கைவிரல் ஊனத்தோடு வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் தட்டை ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் அவரிடம் போட்டுக் காட்டினார். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னாளில் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். அந்தத் தாழ்ந்த கனத்த நாதமே இந்த இசையின் அடையாளமாயிற்று. ஒரே நாளில் பதிவு செய்யப்பட்ட அவர்களுடைய முதல் தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது.

எங்கள் ஆலையிலும் விரல் இழந்தவர்களை அறிவேன். ஒருவருக்கு நானே துணி சுற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். என்னைச் சுற்றி எழுந்த அதே ஓசையிலிருந்து, என் வயதை ஒத்த ஒருவர், இதே ஊரில், ஒரு கலையைப் படைத்தார். எனக்கு அது கூலி. அவருக்கு அது நாதம். இதை அறிய எனக்கு 57 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கதவருகே மகன் நிற்பதைக் கண்டேன். எப்போது வந்தானோ தெரியாது. அவன் முகத்தைப் பார்த்ததும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் மௌனமானேன். எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரவு நினைவில் எழுந்தது.

1986-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். மகனுக்கு வயது 15. இரட்டை வேலை முடித்து, தலைக்குள் சம்மட்டி இன்னும் அடித்துக்கொண்டிருக்க, வீட்டுக்கு வந்தேன். மாடியறையிலிருந்து அதே சம்மட்டி ஓசை! படியேறிப் போனேன். “காசு வாங்கிக்கொண்டு நான் கேட்கிற சத்தத்தை, காசு கொடுத்து வாங்கி நீ கேட்கிறாயா?” என்றேன். ஒலிநாடாப் பேழையைப் பிடுங்கி, நாடாவை முழம் முழமாக உருவி, குப்பையில் எறிந்தேன். பிறகு மார்க்கம் பேசினேன், ஒழுக்கம் பேசினேன், கெட்ட சகவாசம் பேசினேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. இரவு சாப்பிடவுமில்லை. “பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, என்னவென்று கேளுங்கள்” என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் அந்த இசை ஒலிக்கவில்லை; எங்கள் இருவருக்குமிடையே பேச்சும் பெரிதாக ஒலிக்கவில்லை. ஸலாம் உண்டு, நலம் விசாரிப்பு உண்டு, மருந்து வாங்கித் தருவது உண்டு. அதற்குமேல் இல்லை. 38 ஆண்டுகள்!

பிள்ளைகள் விடைபெற்றுச் சென்றபின், முன்னறையில் நாங்கள் இருவரும் தனித்திருந்தோம். “அன்று நான் எறிந்தது எந்த நாடா?” என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொன்னான். மறக்கவில்லை. “மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’, வாப்பா. அந்த ஆண்டு மார்ச்சில் வந்தது.”

“உன் பட்டியலில் அதுதான் முதலாவதா?”

நானே கேட்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும். மெல்லச் சிரித்தான். எழுந்து போய்ப் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துவந்தான். நீல மையில், முத்து முத்தான எழுத்தில், 1986-இன் பட்டியல். ஐயர்ன் மெய்டன், மெகாடெத், ஜெர்மனியின் க்ரியேட்டர், ஸ்வீடனின் காண்டில்மாஸ் என்று பெயர்கள். முதலிடத்தில் நான் அழித்தது. பள்ளித் தோழர்கள் மூவர் அன்று இவ்வாறே கூடி வாதிட்டார்களாம். என் வீட்டில் கூட முடியாததால், நூலகத்தின் படிக்கட்டில்.

பிறகு அவன் சொன்னது இது: “வாப்பா, அந்த வாரம் நான் சும்மா பாட்டுக் கேட்கவில்லை. அந்தக் குழுவில் அடிநாதக் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் செப்டம்பர் 27-இல் இறந்துபோயிருந்தார். இங்கிலாந்தில் வாசித்துவிட்டு ஸ்வீடனுக்குப் போன இடத்தில், அவர்கள் சென்ற பேருந்து கவிழ்ந்துவிட்டது. அவருக்கு வயது 24. எனக்கு அழுகையாக வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.”

நான் தலை குனிந்தேன். மய்யித்து வீட்டில் புகுந்து சண்டையிட்டவனைப் போல் உணர்ந்தேன். அந்தப் பாட்டின் பொருள் என்ன என்று கேட்டேன். போதைப் பொருளுக்கு அடிமையான மனிதனை அப்போதை எப்படிப் பொம்மலாட்டப் பொம்மையாக ஆட்டுவிக்கிறது என்பதே பொருள் என்றான். மகன் கெட்டுப் போய்விடுவான் என்றஞ்சி நான் உருவி எறிந்த நாடாவில் இருந்தது, கெடாதே என்னும் எச்சரிக்கை.

“அன்று நான் மார்க்கத்தைச் சொல்லித்தான் ஏசினேன். ஆனால் பேசியது மார்க்கமல்ல, என் களைப்பு. இசை கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதற்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை. அதை நான் கேட்கவில்லை. என்னைப் பொருந்திக்கொள்” என்றேன். வாப்பா மகனிடம் இதைச் சொல்லும் வழக்கம் நம்மில் குறைவு. சொல்லி முடித்தபோது, பெரிய பாரத்தை இடுக்கியிலிருந்து இறக்கி வைத்தது போல் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் காதுக் கருவியை எடுத்துத் துடைத்து, மின்கலத்தை மாற்றி, மறுபடி என் கையில் கொடுத்தான்.

2025 ஜூலை 5-இல் பிளாக் சாபத் நால்வரும் ஆஸ்டன் பகுதியின் வில்லா பார்க் திடலில் கடைசி முறையாக ஒன்றுசேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் அரியணை போன்ற ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். அதன் வருவாய் நோயாளிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் அறமாகச் சென்றது. அடுத்த 17 நாளில், ஜூலை 22-இல், அவர் மறைந்தார். ஜூலை 30-இல் அவருடைய உடல் பிராட் தெரு வழியாக, அக்குழுவின் பெயரைத் தாங்கிய பாலத்துக்கு ஊர்வலமாக வந்தது.

“நான் போகிறேன், வாப்பா. நீங்களும் வருகிறீர்களா?” என்று மகன் கேட்டான். 1986-க்குப் பிறகு தன் இசை தொடர்பாக அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. போனேன். ஆயிரக்கணக்கானவர் கூடியிருந்தார்கள்; பாலத்தருகே மலர்கள் குவிந்து கிடந்தன. கறுப்புச் சட்டையணிந்த, என் வயதுக் கிழவர்கள் பலர். ஆலைகளில் உழைத்த கைகள் என்பது பார்த்தாலே தெரிந்தது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று முன்னே வாசித்துக்கொண்டு சென்றது.

கூட்டம் நெருக்கியபோது மகன் என் கையைப் பற்றிக்கொண்டான். அவனுடைய பட்டியல் நோட்டு இப்போது என் அலமாரியில், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசி ஞாயிறன்று பேரனின் தோழர்கள் மறுபடி வருவார்கள். இம்முறை பட்டியல்கள் ஆறு என்று பேரன் சொல்லியிருக்கிறான். ஆறாவது அவன் வாப்பாவுடையது. நானும் முன்னறையில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். முழங்கால் வலி நீங்கிவிட்டாலும்.